பதம் சொல்வதும் சொல்லாததும்

வெல்லப்பாகு கம்பிப் பதம் வந்துவிட்டதா என்று விரலிடுக்கில் இழுத்துப் பார்ப்பவர் செய்வது பாகுத்தன்மைச் சோதனைதான். கை பழகியவருக்கு அது தவறுவதில்லை. ஏனென்றால் வாணலியில் வெல்லமும் தண்ணீரும் மட்டுமே இருக்கின்றன என்பது அவருக்கு முன்பே தெரியும். ஒழுகும் வேகத்தை வைத்துத் திரவத்தின் தூய்மையை அளக்கலாம் என்ற கருத்து நிற்பதும் விழுவதும் இந்த நிபந்தனையில்தான்.

கருத்துக்கு வலுவான சாட்சி கிளிசரின். 20 டிகிரி செல்சியஸில் தூய கிளிசரினின் பாகுத்தன்மை சுமார் 1,410 சென்டிபாய்ஸ். எடையில் 1 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தால் 1,150. 5 விழுக்காடு சேர்ந்தால் 523. அதே 1 விழுக்காட்டுத் தண்ணீருக்கு அடர்த்தி குறைவது 0.2 விழுக்காடுதான். ஒரு கண்ணாடிக் குழாயும் நிறுத்துக் கடிகாரமும் இவ்வளவு நுட்பமாகக் காட்டிக்கொடுப்பது உண்மையிலேயே அருமை.

வெப்பநிலைக்கும் பாகுத்தன்மை அதே அளவு அசைந்துகொடுக்கும். 30 டிகிரியில் தூய கிளிசரினே 612-க்கு இறங்கிவிடுகிறது. திரவம் 1 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தாலே, கிட்டத்தட்ட அரை விழுக்காடு தண்ணீர் கலந்ததுபோல் தெரியும். இது கவனமாக இருந்தால் தீரும் குறை. எத்தனாலில் வேறு சிக்கல்: 20 டிகிரியில் தண்ணீர் 1.0, எத்தனால் 1.2, இடைப்பட்ட கலவையோ 2.9 வரை ஏறி இறங்கும். ஒரே அளவீடு இரண்டு கலவைகளுக்குப் பொருந்தும். அடர்த்தியையும் சேர்த்துப் பார்த்தால் இதுவும் தீரும்.

தீராத குறை ஒன்று உண்டு. பாகுத்தன்மை ஒரே ஒரு எண். எது கலந்தது என்பதை அந்த எண் சொல்லாது. கிளிசரின் நீர்த்திருப்பது தண்ணீராலா, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சாலா? 2006-இல் பனாமாவில் கிளிசரின் என்ற பெயரில் வந்த அந்த நச்சு இருமல் மருந்தில் சேர்ந்து பலரைக் கொன்றது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் 48.6 விழுக்காடு அது இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 அக்டோபரில் கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தில் அந்தச் சிரப்பைக் குடித்த குழந்தைகள் இறந்திருந்தார்கள். சிரப்புகளில் கரைப்பானாகச் சேரும் புரொப்பிலீன் கிளைக்கால் 25 டிகிரியில் சுமார் 40 சென்டிபாய்ஸ், நச்சு சுமார் 30. வித்தியாசம் அளக்கக்கூடியதுதான். ஆனால் கொஞ்சம் கெட்டியான திரவத்தைச் சேர்த்து 30-ஐ 40 ஆக்குவது பெரிய வேலையல்ல. ஏமாற்ற நினைப்பவன் முதலில் சரிசெய்வது பதத்தைத்தான்.

ஆகவே, ஒரு பீப்பாயைத் திருப்பி அனுப்பும் உரிமையைப் பாகுத்தன்மையை அளக்கும் விஸ்காமீட்டருக்குத் தரலாம். உள்ளே எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தரக்கூடாது. கிளிசரினில் இந்த நச்சுக்கு அமெரிக்க மருந்துத் தர நூல் வைத்திருக்கும் வரம்பு 0.1 விழுக்காடு. அந்த அளவு உண்டாக்கும் மாற்றம் அரை டிகிரி வெப்பப் பிழைக்குள் மறைந்துபோகும். கலந்திருப்பவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகையிலோ அந்த நச்சுக்கென்று தனி முகடு எழும்.