வாலியின் இரண்டாவது கேள்வி

சுன்னாகத்தில் தமிழ் படிப்பிக்கிற முஸ்லிம் ஆசிரியனுக்கு இரண்டு பக்கத்தாலும் பேச்சு வரும். ஜும்ஆ முடிந்து வருகையில் பெரியவர் ஒருவர், "தம்பி, ராமன்ட கதையை ஏன் இவ்வளவு உருகிப் படிப்பிக்கிறீங்க?" என்றார். ஆசிரியர் அறையில் இன்னொருவர், "வாலி வதையை நீங்கள் விமர்சிக்கிறது சரிவராது மாஸ்டர், அது எங்கட சாமி" என்றார். ஒருவர் தொடாதே என்கிறார். மற்றவர் தொட்டால் கும்பிடு என்கிறார். இலக்கியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பிறர் வணங்குவதை ஏசக்கூடாது என்பது நமக்கு மார்க்கம் இட்ட கட்டளை. ஆனால் கம்பனின் இராமன் ஒரு காப்பியப் பாத்திரமும்கூட. பாத்திரத்தைக் கேள்வி கேட்பது ஏச்சு ஆகாது. கேட்பதற்குக் கம்பனே வழி திறந்து வைத்திருக்கிறான்.

அம்பு பட்டு விழுந்த வாலி அதைப் பிடுங்கிப் பார்த்து, இராமனின் பெயரைக் கண்டபின் வழக்காடுகிறான். தம்பி மனைவியைக் கவர்ந்த குற்றத்துக்கு, குரங்குகளுக்கு மனிதரின் மண ஒழுக்கம் இல்லை என்கிறான். நன்மை தீமை அறிந்தவன் விலங்காகான் என்று இராமன் மறுக்கிறான். வால்மீகியின் இராமனோ, விலங்கை மறைந்து நின்றும் வேட்டையாடலாம் என்ற நியாயத்தையும் சொல்கிறான். கம்பனின் இராமன் அந்தக் கதவைத் தானே சாத்திவிடுகிறான். அப்படியானால் மறைந்து நின்று எய்தது ஏன்? இதுவே வாலியின் இரண்டாவது கேள்வி.

இதற்குப் பதில் சொல்வது இலக்குவன். நேரில் வந்தால் நீயும் சரண் புகுந்திருப்பாய், சுக்கிரீவனுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்பது அதன் சாரம். வாலி அமைதியடைகிறான், தம்பி கள்ளுண்டு தவறினாலும் அவன்மேல் அம்பு விடாதே என்று வேண்டுகிறான். அந்தப் பெருந்தன்மை என்னை உருக்குகிறது. ஆனால் பதில் போதவில்லை. சரண் கேட்டுவிடுவான் என்று கேட்கவே இடம் கொடாதது நீதியா? இராமனைப் பேசவிடாமல் விட்ட கம்பனுக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

பக்கத்தில் சீறாப்புராணத்தை வைத்துப் பாருங்கள். வேடன் கட்டிய மான், கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்கிறது. நபிகளார் (ஸல்) பிணை நிற்கிறார்கள். மான் திரும்பி வருகிறது. வேடன் ஈமான் கொள்கிறான். கம்பனின் காப்பிய வழியில் நடந்த உமறு, அவனுக்குப் பதில் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அங்கே சரணுக்கு அவகாசம் இல்லை. இங்கே ஒரு மானின் சொல்லுக்கும் அவகாசம் உண்டு.

இது முஸ்லிம் வாசகனுக்குப் புதிய வேலையுமல்ல. நாகூரில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மு. மு. இஸ்மாயில் (1921–2005) வாலி வதையை ஆராய்ந்து 'மூன்று வினாக்கள்' எழுதினார். சுலைமான் நபியைப் பாடும் இராசநாயகத்தையும் அவரே சுவைத்து எழுதினார். எங்கள் சுன்னாகத்து அ. குமாரசுவாமிப் புலவரோ (1854–1922) 'இராமோதந்தம்' என்ற இராமகதையை வடமொழியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர். அந்த மண்ணில் நின்று கம்பனைப் படிப்பிக்க நான் ஆரிடம் அனுமதி கேட்பது?

போன தவணை ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அப்ப வாலி சொன்னது சரியா?" என்று கேட்டாள். "அவனுக்குப் பேச இடம் கொடுத்தது சரி" என்றேன். பெரியவருக்கும் மாஸ்டருக்கும் என்னிடம் உள்ள பதிலும் அதுதான்.