கடல் எழுந்து போன இடம்

நடைப்பயணக் கையேடுகளைப் படித்திருக்கிறீர்களா? வேலியை ஒட்டி இடதுபக்கம் போகவும், மரப்படி ஏறித் தாண்டவும், ஆடுகளைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்கிற ரகம். அலங்காரமே இல்லாத உரைநடை. படித்ததும் கால் நகரவேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. நாவலை விமரிசனம் செய்கிறோம், சினிமாவைக் கிழிக்கிறோம். ஒரு நடைவழியை மட்டும் ஏன் விட்டுவைக்கவேண்டும்? அதற்கும் ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருக்கிறதே.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடலோரத்தில் ரை என்று ஒரு குன்றின்மேல் ஊர். கல் பாவிய தெரு, சாய்ந்த மர வீடுகள், அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ் குடியிருந்த லாம்ப் ஹவுஸ். ஒரு காலத்தில் குன்றின் அடிவாரம்வரை கடல். இன்றைக்குக் கடல் பார்க்க 3 கிலோமீட்டர் போகவேண்டும். நடுவே சதுப்பும் புல்வெளியும் கூழாங்கல் மேடும். இந்த வெளியில்தான் நடைவழிகள்.

பி.காம். படித்தவன் புத்தி, எனக்கு இந்த வெளி ஒரு பேரேடாகத்தான் தெரிகிறது. 1287-ல் ஒரு பெரும்புயல். பக்கத்து ஊரான பழைய வின்ச்செல்சி கடலுக்குள் போனது. அது செலவு. ராதர் ஆறு பழைய முகத்துவாரத்தை விட்டுவிட்டு ரை பக்கம் திரும்பியது. அது வரவு. துறைமுகம் செழித்தது. பிறகு வண்டல் சேர்ந்தது. மேய்ச்சல் நிலத்துக்கு ஆசைப்பட்டு மனிதர்களும் கரை கட்டிக் கடலைத் தள்ளினார்கள். வரவும் கைவிட்டுப் போயிற்று.

சரி, வழிகளுக்கு வருவோம். முதலாவது, ராயல் மிலிட்டரி கால்வாய்க் கரை. நெப்போலியன் படையெடுத்தால் தடுக்க 1804-ல் தோண்ட ஆரம்பித்து, 1809-ல் முடித்தார்கள். 28 மைல். நெப்போலியன் வரவே இல்லை. நல்ல ஜோக்தான். ஆனால் ஒரே ஜோக்கை மைல் கணக்கில் கேட்டுக்கொண்டு நடக்கமுடியாது. நேர்க்கோட்டில் போகிற கதை சீக்கிரம் அலுக்கும்.

இரண்டாவது, புது வின்ச்செல்சிக்குப் போகிற வழி. பழைய ஊர் முழுகும்போதே மன்னர் முதலாம் எட்வர்டு, குன்றின்மேல் கட்டம் கட்டமாகத் தெரு போட்டு மாற்று ஊர் கொடுத்தார். அதன் துறைமுகமும் தூர்ந்து, பல கட்டங்கள் இன்று வெறும் புல்வெளி. தேவாலய வாசலுக்குள் நகைச்சுவைக் கலைஞர் ஸ்பைக் மில்லிகனின் கல்லறை. நம் அகமத்நகரில் பிறந்தவர். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேனே என்கிற பொருளில் ஐரிஷ் மொழியில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இந்த வழியில் முடிவு பிரமாதம், நடுப்பகுதி சுமார்.

மூன்றாவதுதான் என் கட்சி. ரையிலிருந்து புல்வெளி வழியே கேம்பர் கோட்டை, அங்கிருந்து கடற்கரை, கரையோரமாக ரை ஹார்பர், மறுபடி ரை. எட்டாம் ஹென்றி காலத்தில், 1512-லிருந்து 1543 வரை கட்டிய கோட்டை. பீரங்கி வைத்துக் கடலைக் காவல் காக்க. கடல் எழுந்து போய்விட்டது. 1637-ல் கோட்டையைக் கைவிட்டார்கள். இன்றைக்கு அதைச் சுற்றி ஆடு மேய்கிறது. ஊருக்கும் கோட்டைக்கும் நடுவே நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அடியும் முன்னொரு நாள் தண்ணீர். எந்தக் கையேடும் விளக்கவேண்டாம், கால் சொல்லிவிடும்.

கடற்கரையில் தனியாக ஒரு சிறு கட்டடம் நிற்கும். மேரி ஸ்டான்ஃபோர்டு என்ற உயிர்காப்புப் படகு இருந்த கொட்டகை. 1928 நவம்பர் 15, விடியாத புயல் காலை. ஆபத்திலிருந்த ஒரு கப்பலை நோக்கித் துடுப்பும் பாயும் கொண்ட அந்தப் படகில் 17 பேர் போனார்கள். இதற்குள் அந்தக் கப்பல்காரர்களை வேறொரு கப்பல் காப்பாற்றிவிட்டது. திரும்பி வரச்சொல்லிக் காட்டிய சைகை இவர்கள் கண்ணில் படவில்லை. 17 பேரும் செத்துப்போனார்கள். ரை ஹார்பர் ஒரு சின்ன மீனவ கிராமம். கடலோரத்துக்காரர்களுக்கு இதன் அர்த்தத்தை நான் சொல்லவேண்டியதில்லை.

கையேடுகள் மீது என் குறை இதுதான். டீக்கடைக்கும் சாவு வீட்டுக்கும் ஒரே அளவு எழுத்து. கடல் விலகிப்போன ஊர் என்று அழகாக எழுதுவார்கள். விலகவில்லை ஐயா, ஊரைவிட்டுத்தான் விலகியது, ஆட்களை விடவில்லை. அந்தக் கொட்டகையில் நின்றால்தான் இந்த நடை முழுமையாகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். யாரோ ஒருவருடைய வயலுக்குக் குறுக்கே போ என்று கையேடு எப்படி அத்தனை தைரியமாகச் சொல்கிறது? 1949-ல் போட்ட சட்டம். பொதுவழிகளை வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள். ஏறியபிறகு நிலச்சொந்தக்காரர் இஷ்டத்துக்குப் பூட்டுப் போடமுடியாது. அழகான இடங்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. நடந்து போய்ப் பார்க்கிற உரிமைதான் அபூர்வம்.

போகிறவர்கள் காற்றுத் தாங்கும் சட்டையோடு போங்கள். கூழாங்கல்லில் ஆலாக்கள் முட்டையிடும் பருவத்தில் பாதையை விட்டு இறங்காதீர்கள். கொட்டகை வந்தால் கொஞ்சநேரம் நில்லுங்கள். டீ எங்கேயும் போகாது.