ஏலத்தில் ஒரு கதிரை

எமது ஊர்க் கோயில் திருவிழாக்களில் மாம்பழம் ஏலம் விடப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். சந்தையில் சில ரூபா பெறுமதியான பழம் நூறாகி, ஆயிரமாகி, கடைசியில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் கைக்குப் போய்ச் சேரும். பழம் இனிக்குமா புளிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. எந்தக் காணியில் காய்த்தது, யார் தண்ணீர் விட்டார்கள் என்றும் கேட்பதில்லை. விலைப்படுவது எடுத்தவரின் பெயர். புலம்பெயர்ந்த இடங்களுக்கும் கோயிலோடு சேர்த்து இந்த வழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டோம். கோயிலுக்குப் பணம் சேர்கிறது, எடுத்தவருக்குப் பெருமை, மாம்பழத்துக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஆனால் ஏலத்துக்கு வருவது ஒரு கதிரையாக இருந்தால்? ஐரோப்பிய, வட அமெரிக்க நகரங்களில் இது இப்போது சாதாரண காட்சி. ஒரு வைத்தியசாலைக்காகவோ வீடற்றவர்களுக்காகவோ நிதி சேர்க்கிறார்கள். உள்ளூர்த் தச்சர்கள் ஆளுக்கொரு வாங்கு, முக்காலி, சிறு மேசை என்று செய்து கொடுக்கிறார்கள். மண்டபத்தில் வெளிச்சம் பாய்ச்சி, விருந்து வைத்து, ஒவ்வொன்றாக ஏலம் கூறுகிறார்கள். நல்ல காரியம்தான், யாரும் மறுக்கவில்லை. எனினும் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி ஒன்றிருக்கிறது. அங்கே கூறப்படும் விலை எதன் விலை? அந்த மூட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறது என்பதற்கான விலையா, அல்லது எடுத்தவர் நல்லவர் என்பதற்கான விலையா?

கவிதைத் தொகுதிகளை வரிவரியாக உரித்துப் பார்க்கும் எமது சஞ்சிகைகளில் ஒரு கதிரைக்கு விமர்சனம் எழுதுவது விசித்திரமாகத் தோன்றலாம். கதிரையும் ஒருவர் யோசித்துச் செய்த ஆக்கம்தான். நாம் இங்கு எடுத்துக்கொள்வது பேர்லின் நகரில் அகதி இளைஞர்கள் செய்த ஒரு கதிரை. அது ஏலத்தில் விற்கப்பட்டதல்ல. ஆயினும் விலைக்கும் நன்கொடைக்கும் இடையிலான கோடு அழிந்துபோவதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொரு பொருளை நாம் அறியோம்.

2012இன் இலையுதிர்காலத்தில் பேர்லின், குறொய்ஸ்பேர்க் பகுதியின் ஒரானியன் சதுக்கத்தில் அகதிகள் கூடாரமடித்துப் போராடத் தொடங்கினார்கள். 2014 ஏப்ரலில் அந்த முகாம் கலைக்கப்பட்டது. லம்பெடூசா தீவு வழியாக வந்த மேற்காபிரிக்க இளைஞர்கள் பலர் அங்கிருந்தனர். அந்தக் காலத்தில், அதே பகுதியிலுள்ள ஓர் இளைஞர் கலை இல்லத்தின் பட்டறையில் மாலி, நைஜர் நாடுகளைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் ஜேர்மன் வடிவமைப்பாளர் சிலரோடு சேர்ந்து மர வேலை செய்யத் தொடங்கினர். முதலில் தமக்கு வேண்டிய தளபாடங்களைத்தான் செய்தார்கள். பின்னர் விற்பனைக்கும் செய்தார்கள். அந்த முயற்சிக்கு 'குக்குலா' என்று பெயர். ஹௌசா மொழியில் சேர்ந்து செய்தல் என்றும், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுதல் என்றும் அதற்குப் பொருள் சொன்னார்கள்.

அவர்கள் செய்த கதிரையின் வடிவம் அவர்களுடையதல்ல. இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974இல் வெளியிட்ட 'அவுத்தோபுறொஜெத்தாட்சியோனே' என்ற வரைபடத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. கதிரை, மேசை, கட்டில், அலுமாரி என்று 19 தளபாடங்கள் அதில் இருந்தன. கடையில் கிடைக்கும் சாதாரண பைன் பலகை, ஒரு வாள், ஒரு சுத்தியல், ஆணி, இவ்வளவும் போதும். தபாற் செலவை அனுப்பியவர்களுக்கு மாரி தொகுப்பை இலவசமாக அனுப்பினார். யாரும் தமக்காகச் செய்துகொள்ளலாம். தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் மட்டும் செய்யக்கூடாது என்பது நிபந்தனை.

மாரி கம்யூனிஸ்ட். மலிவான கதிரை கொடுப்பது அவருடைய நோக்கமல்ல. ஒருவர் தன் கையால் ஒரு கதிரையைச் செய்யும்போது, ஏன் இந்தச் சட்டம் குறுக்கே போகவேண்டும், இது இல்லாவிட்டால் ஏன் ஆடுகிறது என்பதைக் கையால் அறிகிறார். அதன் பிறகு கடையில் பளபளக்கும் பொருளை அவர் பழைய கண்ணால் பார்க்கமாட்டார். அதாவது, செய்பவரை விமர்சகராக்கும் திட்டம் அது. எழுதிக் கேட்டவர்களில் மிகச் சிலரே இதைப் புரிந்துகொண்டார்கள் என்று அவர் பின்னாட்களில் குறைப்பட்டுக்கொண்டார். மற்றவர்களுக்கு அது நாட்டுப்புறப் பாணியிலான புதிய மோஸ்தர். 2010இல் ஒரு பின்லாந்து நிறுவனம் அவருடைய கதிரையை, அளவாக வெட்டிய பலகையும் ஆணியும் அடங்கிய பெட்டியாக விற்பனைக்கு விட்டது. 2020இல் மாரி காலமானார். எழுபதுகளில் செய்யப்பட்ட அந்த ஆணியடித்த தளபாடங்களை இன்று சேகரிப்பாளர்கள் பெரிய ஏல நிலையங்களில் வாங்குகிறார்கள். வியாபாரியை வெளியே நிறுத்திய பொருளுக்கு இதைவிடப் பெரிய கேலி வேண்டியதில்லை.

விற்பதற்கு அனுமதி கேட்டுக் குக்குலா மாரியிடம் போனபோது அவர் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தார். தான் விதித்த தடையைத் தானே தளர்த்தினார். அது அழகான செயல் என்றே நாம் கருதுகிறோம்.

இனிக் கதிரைக்கு வருவோம். வளைவு எதுவும் கிடையாது. நேர்ப் பலகைகள், அமரும் பலகை பின்னோக்கிச் சரிகிறது, முதுகுப் பலகையும் சாய்கிறது. ஒரு மரத்தின் நுனியைச் சீவி மற்றதன் துளைக்குள் இறுக்கும் மூட்டு வேலை இதில் இல்லை. பலகையின் மேல் பலகையை வைத்து ஆணி அறைந்திருக்கிறது, அது ஒளிக்கப்படவுமில்லை. எது எதைத் தாங்குகிறது என்பது பார்த்தவுடனே விளங்கும். இந்த வெளிப்படைதான் அதன் அழகு. குறையும் அங்கேயே இருக்கிறது. பைன் மென்மரம். நாள்பட மரம் சுருங்கும், ஆணி தளரும். எமது ஊர்த் தச்சர் ஒருவர் இதைக் கண்டால், 'இது கதிரையோ, சாரமோ' என்று கேட்டிருப்பார். மாரியின் வடிவம் ஒரு தொடக்கப் பாடம். அதோடு நின்றுவிட்டால் செய்பவர் என்றென்றும் மாணவராகவே இருப்பார்.

குக்குலாக் கதிரையைப் பற்றி நாம் படித்த கட்டுரைகள் இதைச் சொல்வதாகக் காணோம். அவை கடலைச் சொல்கின்றன, படகைச் சொல்கின்றன, இளைஞர்களின் புன்னகையைச் சொல்கின்றன. ஆணி தளருமா என்று கேட்பது மனிதாபிமானமற்ற செயலாகிவிடுகிறது. இந்த அனுபவம் எமக்குப் புதிதல்ல. ஒருமைப்பாட்டுக் கூட்டங்களில் எம்மவர் கவிதைகள் மொழிபெயர்த்து வாசிக்கப்பட்டபோது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறது. மூன்றாவது கவிதை மோசமான கவிதை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அகதி எழுதினான் என்பதே போதுமானதாக இருந்தது. அந்தக் கைதட்டலோடு வீடு திரும்பிய இரவுகளில் எமக்குள் ஏற்பட்ட வெறுமையை வாசகர்களிற் பலர் அறிவர். அனுதாபம் கையை நீட்டும்போதே படைப்பைப் பார்க்கும் கண்ணை மூடிக்கொள்கிறது.

குக்குலாவின் கதிரைகளில் ஒரு வகைக்குத் 'தூதுவர்' என்று பெயர். லம்பெடூசாவில் கிடந்த அகதிப் படகுகளின் பலகைத் துண்டுகள் அதில் பொருத்தப்பட்டன. வெளிறிய பைனுக்கு நடுவே நிறம் உரிந்த நீலமும் பச்சையும். 2013 ஒக்டோபர் 3ஆம் திகதி அந்தத் தீவுக்கருகே ஒரே படகில் 360க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே தீவின் தச்சர் பிரான்செஸ்கோ தூச்சியோ உடைந்த படகுகளின் மரத்தில் சிலுவைகள் செய்து உயிர்தப்பி வந்தவர்களுக்குக் கொடுத்தார். அவற்றிலொன்று 2015இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. சிலுவையை வணங்கலாம், சுவரில் மாட்டலாம். கதிரையில் அமரவேண்டும். ஒருவர் தேநீர்க் கோப்பையோடு சாய்ந்திருக்கும்போது அவர் முதுகு தொடுவது அந்தப் படகை. அவர் மறக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தோம் என்று செய்தவர்கள் சொல்லலாம். அதற்கு அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு, கடந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் பத்து நாளில் எந்தக் கதிரையும் பழகிப்போகும். பழகிய பின் அந்த நீலம் ஓர் அலங்காரம். எமது ஐயம் அதில்தான்.

விலைக்கு வருவோம். வேலை அனுமதி இல்லாதவருக்குக் கூலி கொடுக்கமுடியாது. ஆகவே விற்பனைப் பணமும் 2014இன் இறுதியில் பொதுமக்களிடம் திரட்டிய நிதியும் இளைஞர்களின் படிப்புக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகையாகவே வழங்கப்பட்டன. இதை நாம் கவனிக்கவேண்டும். அவர்கள் வாள் பிடித்து அறுத்தார்கள், அளந்தார்கள், அறைந்தார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வேலையல்ல. கிடைத்தது சம்பளமல்ல, உதவி. தொழிலாளியைத் தர்மத்துக்குரியவனாக மாற்றியது வாங்கியவர்களின் இரக்கமல்ல, அரசின் சட்டம். எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்த எம்மவர்களுக்கும் வேலைத் தடை இருந்தது. பகலெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு விடுதியில் இருந்தவர்களுக்கு, உதவிப் பணம் எவ்வளவு கூச்சத்தைத் தரும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஏலம் இந்தக் கூச்சத்தை வேறொரு எல்லைக்குக் கொண்டுபோகும். 1942 முதல் அமெரிக்கா சுமார் 120,000 யப்பானிய வம்சாவழியினரை முகாம்களில் அடைத்தது. தார்க் காகிதமும் பலகையுமான அறைகளில் கட்டிலும் அடுப்பும் மட்டும் இருந்தன. அவர்கள் கழிவுப் பலகையிலும் பெட்டி மரத்திலும் கதிரைகள் செய்தார்கள், கதவில் மாட்டக் குடும்பப் பெயர்ப் பலகைகள் செதுக்கினார்கள். அலன் ஈட்டன் என்ற ஆய்வாளர் இவற்றைப் பற்றி 1952இல் ஒரு நூல் வெளியிட்டார். கண்காட்சி வைப்பார் என்ற நம்பிக்கையில் பலர் தம் கைவேலைகளை அவரிடம் விலையில்லாமல் கொடுத்திருந்தார்கள். 2015 ஏப்ரலில் அந்தச் சேகரிப்பு நியூ ஜேர்சி ஏல நிலையமொன்றில் விற்பனைக்கு வந்தது. சந்ததியினர் கொதித்தெழுந்தனர். ஏலம் நிறுத்தப்பட்டு, சேகரிப்பு லொஸ் ஏஞ்சலிசிலுள்ள யப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. விலை போதாது என்று அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. கொடுத்தவர்களைக் கேட்காமல் அதற்கு ஒரு விலை கூறப்படுவதையே எதிர்த்தார்கள்.

இதையெல்லாம் வெள்ளையரின் பிழையாக மட்டும் எழுதி முடித்துவிட்டால் வசதியாக இருக்கும். எமது கோயில்களின் தேரையும் வாகனங்களையும் செய்தவர்கள் தச்சர்கள். வாகனத்தில் எழுதப்பட்டிருப்பதோ 'உபயம்: இன்னார்' என்ற பெயர். செதுக்கியவரின் பெயர் எங்கே? கதிரையிலும் எமக்கு ஒரு வரலாறு உண்டு. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று உத்தரவு வந்தபோது, அதை ஏற்றுக்கொண்ட பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்கள் எம்மவர்கள். யார் இருக்கலாம், யார் நிலத்தில் குந்தவேண்டும் என்பதற்காக ஒரு வாங்கை எரிக்கக்கூடிய சமூகம் எமது சமூகம். செய்தவரை மறப்பதற்கு ஏல மண்டபம் எமக்குக் கற்றுத்தரவேண்டியதில்லை.

தர்மத்துக்கான ஏலத்தை ஒழிக்கவேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. எமது சங்கங்களும் நிதி சேர்க்கின்றன, நாளை எமது மண்டபமொன்றிலும் ஒரு மேசை ஏலத்துக்கு வரலாம். அப்போது சில காரியங்களைச் செய்யலாம். விலை கூறுமுன் செய்தவரின் பெயரைக் கூறவேண்டும். கேட்கப்படும் முதல் தொகையிலிருந்து அவருடைய மரச் செலவையும் நாட்கூலியையும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தர்மத்துக்கு எழுதவேண்டும். அவர் அதையும் தர்மத்துக்குக் கொடுக்க விரும்பினால் அது அவருடைய கொடை, எமதல்ல. ஏலம் எடுக்க விரும்புகிறவர் மேசையைக் கவிழ்த்துப் பார்க்கவேண்டும். மூட்டைத் தொட்டு, கால் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்க்கவேண்டும். ஆடினால், செய்தவரிடமே நேரே சொல்லவேண்டும். அவர் கோபிக்கலாம். மரம் ஈரமாக இருந்தது என்று வாதாடலாம், திருத்தித் தருகிறேன் என்று சொல்லலாம். அந்த வாதத்தில்தான் அவர் தச்சராக இருப்பார்.