போர்க்கப்பல் பொட்டெம்கின்: திரைப்படம் காட்டியதும் காட்டாமல் விட்டதும்

'போர்க்கப்பல் பொட்டெம்கின்' 1925 இல் சோவியத் ஒன்றியத்தில் வெளிவந்த மௌனத் திரைப்படம். இதை இயக்கியவர் செர்கெய் ஐசன்ஸ்டீன். ஒளிப்பதிவு செய்தவர் எதுவார்ட் டிஸ்ஸே. 1905 ஆம் ஆண்டு ரஷ்யாவின் கருங்கடல் கடற்படையைச் சேர்ந்த ஒரு போர்க்கப்பலில் மாலுமிகள் நடத்திய கிளர்ச்சியே இதன் கதை. படத்தொகுப்புக் கலையைப் பற்றி எழுதப்படும் நூல்களில் இப்படத்தின் பெயர் தவறாமல் இடம்பெறும். 1958 இல் பிரசெல்ஸ் நகரில் திரைப்பட ஆய்வாளர்களிடம் நடத்தப்பட்ட வாக்கெடுப்பில் இது முதலிடம் பெற்றது.

படத்தின் கலைச் சிறப்பு ஐயத்திற்கு இடமில்லாதது. ஆனால் அந்தச் சிறப்பே ஒரு சிக்கலையும் உண்டாக்கியிருக்கிறது. பொட்டெம்கின் கிளர்ச்சியைப் பெரும்பாலோர் இப்படத்தின் வழியாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். அக்கிளர்ச்சி ஏன் தோற்றது என்ற கேள்விக்குப் படத்தில் விடை இல்லை. அது தோற்றது என்ற செய்தியே படத்தில் இல்லை.

கப்பலும் காலமும்

கப்பலின் முழுப் பெயர் 'கினியாஸ் பொட்டெம்கின் தவ்ரிச்செஸ்கி'. அரசி இரண்டாம் கேத்தரினின் அமைச்சராக விளங்கிய இளவரசர் பொட்டெம்கினின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. கருங்கடல் பகுதியில் உள்ள நிக்கோலயெவ் துறையில் கட்டப்பட்டு, 1900 இல் நீரில் இறக்கப்பட்டது. 12 அங்குலப் பீரங்கிகள் 4, 6 அங்குலப் பீரங்கிகள் 16 என வலுவான ஆயுதங்களைக் கொண்டிருந்தது. 1905 இல் அது கருங்கடல் கடற்படையின் புதிய, வலிமை மிக்க கப்பல்.

அப்போது ரஷ்யா ஜப்பானோடு போரில் ஈடுபட்டிருந்தது. 1905 மே இறுதியில் சுஷிமா நீரிணையில் ரஷ்யக் கப்பற்படை பெருந்தோல்வி அடைந்தது. அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, இன்றைய நாட்காட்டிப்படி ஜூன் 27 அன்று, பீரங்கிப் பயிற்சிக்காகச் சென்றிருந்த பொட்டெம்கினில் கிளர்ச்சி வெடித்தது. உடனடிக் காரணம் புழு நெளிந்த இறைச்சி. அதைத் தின்னலாம் என்று கப்பல் மருத்துவர் சான்று அளித்தார். மாலுமிகள் உண்ண மறுத்தனர். அதிகாரிகள் சுட்டுத் தள்ளுவதாக மிரட்டினர். அடுத்து நடந்த மோதலில் கப்பல் தலைவர் கோலிக்கோவ் உட்பட ஏழு அதிகாரிகள் கொல்லப்பட்டனர். மாலுமிகள் தரப்பில் வகுலின்சுக் உயிரிழந்தார். மத்யுஷென்கோ என்ற மாலுமியின் தலைமையில் ஒரு குழு கப்பலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு ஒடெசா துறைமுகத்திற்குச் செலுத்தியது.

படத்தின் வலிமை

ஐந்து பகுதிகள் கொண்ட இப்படத்தின் முதல் பகுதி கப்பல் வாழ்க்கையைக் காட்டும் விதம் இன்றும் வியக்கத்தக்கது. நெருக்கமாகக் கட்டிய தொங்கு படுக்கைகளில் உறங்கும் உடல்கள், ஆடும் உணவு மேசைகள், மருத்துவரின் மூக்குக் கண்ணாடி வழியே பெரிதாகத் தெரியும் புழுக்கள் ஆகியவை நீண்ட விளக்கம் எதுவும் இல்லாமலேயே அடிமை நிலையை உணர்த்துகின்றன. தனி ஒரு கதைத்தலைவனை முன்னிறுத்தாமல் மாலுமிக் கூட்டத்தையே தலைவனாக்கியது அக்காலத்தில் துணிச்சலான முடிவு.

ஐந்தாம் பகுதியில் கப்பல் போருக்கு ஆயத்தமாகும் காட்சி மற்றொரு சாதனை. இயங்கும் எந்திரங்களும், மேலே ஏறிவரும் குண்டுகளும், திரும்பும் பீரங்கிகளும், காத்திருக்கும் முகங்களும் மாறி மாறி வருகின்றன. ஒரு போர்க்கப்பல் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பால் இயங்கும் தொழிற்சாலை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படங்கள் குறைவு. இத்தனைக்கும் படம் எடுக்கப்பட்டபோது உண்மையான பொட்டெம்கின் உடைப்புக்குப் போயிருந்தது. கண்ணிவெடிக் கிடங்காகப் பயன்பட்டு வந்த 'பன்னிரு அப்போஸ்தலர்' என்ற பழைய கப்பலே அதன் இடத்தில் நடித்தது.

படிக்கட்டும் பீரங்கியும்

நான்காம் பகுதியான ஒடெசா படிக்கட்டுக் காட்சிதான் படத்திற்கு உலகப் புகழ் தந்தது. வரிசையாக இறங்கும் படைவீரர்கள், சிதறி ஓடும் மக்கள், தாய் விழுந்தபின் தானே உருண்டு இறங்கும் குழந்தை வண்டி ஆகியவற்றை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. ஆனால் பட்டப்பகலில் அந்தப் படிக்கட்டில் அப்படி ஒரு படுகொலை நடக்கவில்லை. உண்மையில் ஜூன் 28 இரவு துறைமுகப் பகுதியில் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. படைகள் வழிகளை அடைத்துக்கொண்டு கூட்டத்தை நோக்கிச் சுட்டன. தீயிலும் குண்டிலும் ஏராளமானோர் மாண்டனர். ஆகவே படம் ஒரு கொலையைப் புதிதாகக் கற்பனை செய்தது என்பதைவிட, இருளில் பல இடங்களில் நடந்த கொலையை ஒரே படிக்கட்டில் வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்தியது என்பதே பொருத்தம். இதனைக் கலையின் உரிமையாக ஏற்கலாம்.

அடுத்து வருவதை அவ்வாறு ஏற்பது கடினம். படத்தில், படுகொலைக்குப் பதிலடியாகக் கப்பலின் பீரங்கிகள் படைத்தலைமை கூடியிருக்கும் ஒடெசா நாடக அரங்கை நோக்கி முழங்குகின்றன. கட்டடம் நொறுங்குகிறது, கல் சிங்கம் உறக்கம் கலைந்து எழுகிறது. உண்மையில், பொட்டெம்கின் அந்த அரங்கைக் குறிவைத்து இரண்டு 6 அங்குலக் குண்டுகளைச் சுட்டது. இரண்டும் குறி தவறின. அத்தோடு சுடுவது நிறுத்தப்பட்டது.

இந்த வேறுபாடு சிறியதன்று. கடலில் நிற்கும் கப்பலால் ஒரு நகரத்தை அழிக்க முடியும். ஆனால் கூட்டத்தினிடையே எதிரியை மட்டும் பொறுக்கியெடுத்து அடிக்க முடியாது. தங்களை ஆதரித்த தொழிலாளர்கள் வாழும் நகரத்தின் மீதே குண்டு விழும் என்ற அச்சம் மாலுமிகளின் கைகளைக் கட்டியது. கையில் பெரும் பீரங்கி இருந்தும் பயன்படுத்த முடியாத அந்தத் தவிப்பே கிளர்ச்சியின் உண்மையான நாடகம். படமோ அதைக் குறி தவறாத நீதியாக மாற்றிவிட்டது.

படம் முடிந்த பிறகு

கிளர்ச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட கப்பற்குழுவின் நடுவே பொட்டெம்கின் செல்வதும், எதிர்க்கப்பல்களின் மாலுமிகள் சுட மறுப்பதும் படத்தின் முடிவு. இது ஜூன் 30 அன்று நடந்த உண்மை நிகழ்ச்சி. உண்மை இன்னும் ஒரு படி மேலே சென்றது: 'கியோர்கி பொபெதோனோசெத்ஸ்' என்ற மற்றொரு போர்க்கப்பலும் கிளர்ச்சியில் சேர்ந்துகொண்டது. ஆனால் மறுநாளே அதில் இருந்த அரசு விசுவாசிகள் அக்கப்பலை ஒடெசா துறைமுகத்தில் தரைதட்டச் செய்தனர். மாலுமிகள் அனைவரும் ஒரே மனத்தினர் அல்லர் என்பதை இது காட்டுகிறது. படத்தில் இக்கப்பல் இல்லை.

அதன்பின் பொட்டெம்கின் ருமேனியாவின் கான்ஸ்டன்ஸா துறைக்குச் சென்றது. அங்கே அடைக்கலம் தருவதாகச் சொன்னார்களே தவிர நிலக்கரி தர மறுத்தனர். அடுத்து கிரிமியாவின் ஃபியோடோசியாவிற்குச் சென்றது. அங்கே உணவு கிடைத்தது, நிலக்கரி கிடைக்கவில்லை. நிலக்கரிப் படகுகளைக் கைப்பற்ற இறங்கிய மாலுமிகள் கரையில் இருந்த படைகளால் சுடப்பட்டனர். நன்னீர் தீர்ந்துபோய்க் கொதிகலன்களில் கடல்நீரை ஊற்ற வேண்டிய நிலை வந்தது. உப்பு படிந்தால் கொதிகலன் கெடும் என்று தெரிந்தே அதைச் செய்தனர். இறுதியில் மீண்டும் கான்ஸ்டன்ஸா சென்று, ஜூலை 8 அன்று கப்பலை ஒப்படைத்துவிட்டு அடைக்கலம் புகுந்தனர். கிளர்ச்சி நீடித்தது பதினொரு நாட்கள்.

பொட்டெம்கினை எந்தப் பீரங்கியும் வெல்லவில்லை. நிலக்கரியும் நன்னீரும் இல்லாமல்தான் அது பணிந்தது. எவ்வளவு பெரிய போர்க்கப்பலும் துறைமுகம் இல்லாமல் சில நாட்களே உயிர் வாழும். கரையில் ஆட்சி மாறாதவரை கடலில் ஒரு கப்பலைக் கைப்பற்றுவதால் மட்டும் பயனில்லை. மாலுமிகள் தம் பட்டறிவில் கற்ற இந்தப் பாடம் படத்தின் கடைசிக் காட்சிக்கு அப்பால் நின்றுவிடுகிறது.

பின்னர் ரஷ்ய அரசு கப்பலை மீட்டு, 'பந்தெலைமோன்' என்று பெயர் மாற்றியது. மத்யுஷென்கோ 1907 இல் ரஷ்யா திரும்பியபோது பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். 1919 இல் செவஸ்தப்போலை விட்டு வெளியேறிய பிரித்தானியப் படையினர், கப்பல் எதிரிக்குப் பயன்படாதிருக்க அதன் எந்திரங்களை வெடிவைத்துத் தகர்த்தனர்.

மதிப்பீடு

எந்தக் கதையும் எங்காவது முடியத்தான் வேண்டும். புரட்சியின் இருபதாம் ஆண்டு நினைவாக எடுக்கப்பட்ட படம் வெற்றிக் கணத்தில் நிற்பது இயல்பே என்று வாதிடலாம். இந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. ஆனால் இப்படம் தானே தொடங்கிய ஒரு பொருளைப் பாதியில் கைவிடுகிறது என்பதுதான் முதன்மைக் குறை. முதல் பகுதி சோற்றுச் சிக்கலில் தொடங்குகிறது: கப்பலில் வாழும் மனிதன் எதை உண்கிறான், அதை யார் தருகிறார்கள் என்ற கேள்வி அது. கிளர்ச்சிக்குப் பிறகு அதே கேள்வி நிலக்கரியாகவும் நீராகவும் இன்னும் கடுமையாகத் திரும்பி வந்தது. இந்தத் தொடர்ச்சியைப் பற்றியிருந்தால் படம் வீரத்தோடு துயரத்தையும் சொல்லியிருக்கும். ஐசன்ஸ்டீனின் திறமைக்கு அது எட்டாத உயரம் அன்று.

மாணவர்கள் இப்படத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். கப்பல் முன்முனை திரையை மறைத்துக்கொண்டு நம்மை நோக்கி வரும் கடைசிக் காட்சியையும் வியந்து பார்க்கலாம். பார்த்தபின் ஒரு வரைபடத்தை விரித்து, ஒடெசா, கான்ஸ்டன்ஸா, ஃபியோடோசியா, மீண்டும் கான்ஸ்டன்ஸா என்று ஒரு கோடு வரைவது நல்லது. எரிபொருள் தேடி அலைந்த எழுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களின் வழி அது.