வேதம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை!

ஊரைவிட்டு வந்தவன் ஊரைப் பற்றி எழுதினால் இனிக்கும். அவன் மலையாளியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! மழை கொட்டும், தென்னை அசையும், ஆற்றுத் துறையில் தோணி நிற்கும், ஓணத்திற்கு முற்றத்திலே பூக்களம் மலரும், நாலுகெட்டு வீட்டின் நடுமுற்றத்தில் நிலவு இறங்கும். பம்பாயில் பிழைப்புத் தேடிய மலையாளியும், அரபு நாட்டு வெயிலில் வியர்வை சிந்தும் மலையாளியும் இந்தப் படத்தை நெஞ்சுக்குள்ளே மடித்து வைத்திருக்கிறார்கள். குற்றமில்லை. பிறந்த மண்ணை நினைப்பது மனித இயல்பு.

ஆனால், தோழர்களே, அந்தப் படத்தைப் பார்த்துச் சில கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். நிலவு இறங்கிய முற்றத்தைப் பெருக்கியது எவர் கை? விளக்கேற்றி வைத்தவள் எந்த இருட்டிலே அமர்ந்திருந்தாள்? அந்த வீட்டுப் படியை மிதிக்க இயலாமல் தொலைவிலே நின்றவன் யார்? இவற்றுக்கு விடை தராத ஊர்நினைவு எத்துணை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அது பாதிக் கணக்கு. வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கும் கணக்கு.

செலவையும் சேர்த்தெழுதிய மலையாளி ஒருவரைப் பற்றியே இந்தக் கட்டுரை. அவர் வி. டி. பட்டதிரிப்பாடு. 1896-இல் பிறந்து 1982-இல் மறைந்தவர். அவருடைய இல்லம் இருந்த மலபார், 1956 வரை சென்னையோடு ஒரே மாநிலமாக இருந்த மண். அவர் தம் இளமை நினைவுகளை 'கண்ணீரும் கினாவும்' என்ற பெயரில் 1970-இல் நூலாக்கினார். 'கினாவு' வேறொன்றுமில்லை, நம்முடைய 'கனா'தான். தலைப்பிலேயே கண்ணீர் முன்னே வருகிறது. கனவு பின்னே வருகிறது. பழம்பெருமைக்கு அங்கே இடமில்லை.

"நம்பூதிரி ஒருவரின் தன்வரலாற்றை நாம் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?" என்று தோழர் எவரேனும் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நாம் பகைப்பது பிறந்த மனிதரை அல்ல. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் ஏற்பாட்டை. அந்த ஏற்பாட்டின் உச்சிக் கிளையில் பிறந்த ஒருவர், கிளையிலிருந்து இறங்கி வந்து மரத்தின் வேரே அழுகிவிட்டது என்று சான்று சொல்கிறார். வழக்கிலே இதைவிட வலிமையான சாட்சி நமக்கு வேறெங்கே கிடைக்கும்?

அந்தச் சாட்சியத்தின் முதற்பகுதியே நம்மைத் திடுக்கிட வைக்கிறது. சிறுவனுக்குப் பூணூல் விழுகிறது, ஓத்து தொடங்குகிறது. ஓத்து என்றால் வேதத்தை வாய்ப்பாடமாக்குதல். குருவின் வாயிலிருந்து பிறப்பது சீடனின் வாயிலே திரும்பப் பிறக்க வேண்டும். பொருள் கேட்கக் கூடாது. ஒலி பிறழக் கூடாது. ஆண்டுகள் உருண்டன. வேதம் நாவிலே தவழ்ந்தது. பிள்ளை வளர்ந்து, ஷொறணூருக்கு அருகில் முண்டமுக சாஸ்தா கோயிலில் பூசை செய்யும் சாந்திக்காரனானான். அவனைக் கண்டால் ஊர் வணங்கியது.

ஒரு நாள் பள்ளிச் சிறுமி ஒருத்தி தன் பாடப் புத்தகத்தோடு வந்து ஐயம் கேட்டாள். அர்ச்சகர் புத்தகத்தைப் பார்த்தார். விழித்தார். ஏன்? அவருக்குத் தாய்மொழியான மலையாளத்தின் எழுத்தே தெரியாது! பதினேழு வயது. வேதம் தெரியும், எழுத்து தெரியாது. கடவுளோடு பேசத் தெரியும். ஒரு குழந்தையின் பாடப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது.

நாள்தோறும் கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியன் என்பதனால், இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். எழுத்தறியாமை வறுமையின் விளைவு என்று நாம் கேட்டிருக்கிறோம். இங்கே அது பெருமையின் விளைவு! 'வேதம் இருக்கையில் வேறென்ன வேண்டும்' என்ற இறுமாப்பு ஓர் இளைஞனின் கண்ணைக் கட்டி வைத்திருந்தது. பிறரைக் குருடாக்க வகுத்த முறை, வகுத்தவனின் பிள்ளையையும் குருடாக்கிவிட்டதென்று சொல்லும் இந்தப் பகுதி, நூறு மேடைப் பேச்சுகளுக்கு ஈடு.

இளைஞர் நாணினார். நாணத்தோடு நின்றுவிடவில்லை. அந்தச் சிறுமியையே ஆசிரியையாக்கிக் கொண்டார். பிறகொரு நாள் வெல்லம் பொதிந்து வந்த துண்டுத் தாள் அவர் கையில் சிக்கியது. அதிலே அச்சிட்டிருந்ததைத் தாமாகவே எழுத்துக் கூட்டிப் படித்தார். மந்திரமா? தோத்திரமா? இல்லை! மான் மார்க்குக் குடை என்ற வெறும் விளம்பரம். அந்தக் குடை விளம்பரம் தந்த களிப்பை, ஆண்டுக்கணக்கில் ஓதிய வேதம் அவருக்குத் தந்திருக்குமா? ஐயமே. பின்னர் அவர் திருச்சூரை அடுத்த எடக்குன்னியில் நம்பூதிரி வித்தியாலயத்தில், வயது கடந்த மாணவராகப் போய்ச் சேர்ந்தார்.

ஒரு குடை அவருக்கு உலகத்தைத் திறந்து காட்டியது. ஆனால் அவர் பிறந்த குலத்துப் பெண்களுக்கு உலகத்தை மூடியதும் ஒரு குடைதான்! ஓலையால் ஆன மறைக்குடை. நம்பூதிரிப் பெண்ணுக்குப் பெயரே 'அந்தர்ஜனம்'. உள்ளே இருப்பவள் என்பது பொருள். வெளியே வர நேர்ந்தால் உடலைத் துணியால் மூடி, முகத்தைக் குடையால் மறைத்து, பணிப்பெண் முன்னே குரல் கொடுத்துச் செல்ல, பின்னே நடக்க வேண்டும். இல்லத்தில் மூத்த மகனுக்கு மட்டுமே தன் குலத்தில் மணம் செய்ய உரிமை. அவன் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரைக் கொள்வான். இளையவர்கள் நாயர் குலப் பெண்களோடு 'சம்பந்தம்' கொள்வார்கள். பிறக்கும் பிள்ளைகளுக்குத் தந்தையின் சொத்திலே பங்கில்லை. சொத்துச் சிதறாதிருக்க வகுத்த சூழ்ச்சி இது. சொத்துச் சிதறவில்லை, பெண்கள் சிதைந்தார்கள். கன்னியாகவே முதுமை எய்தியோர் எத்தனை பேர்! கிழவனின் நான்காம் மனைவியாகி, இளமையிலேயே தாலி இழந்தோர் எத்தனை பேர்!

ஒழுக்கத்தில் ஐயம் எழுந்தால் 'ஸ்மார்த்த விசாரம்' என்ற சாதி விசாரணை. விசாரணை தொடங்கியதுமே அவள் பெண்ணென்ற பெயரை இழப்பாள். 'சாதனம்' என்று குறிக்கப்படுவாள். அதாவது, ஒரு பொருள்! 1905-இல் குறியேடத்துத் தாத்ரி என்ற பெண் இவ்வாறு விசாரிக்கப்பட்டபோது, தன்னோடு தொடர்புடைய அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களை அடையாளம் காட்டினாள். 'பொருள்' வாய் திறந்தது. பெரிய மனிதர்களின் முகமூடிகள் உதிர்ந்தன. இந்த நிகழ்ச்சியின் அதிர்ச்சி அடங்காத சமுதாயத்தில்தான் வி. டி. வளர்ந்தார்.

வளர்ந்தவர் வாளாவிருக்கவில்லை. 'அடுக்களையில்நின்னு அரங்கத்தேக்கு' என்ற நாடகத்தை எழுதினார். சமையலறையிலிருந்து அரங்கிற்கு என்பது அதன் பொருள். 1929-இல், தாம் படித்த அதே எடக்குன்னியில், நம்பூதிரிகள் கூடிய சபையிலேயே அதை அரங்கேற்றினார். பெண் தேதியை ஒரு கிழவருக்குக் கட்டி வைக்க நடக்கும் முயற்சியும் அது முறியடிக்கப்படுவதுமே கதை. 1934-இல் தம் மனைவியின் உடன்பிறந்தவரான கைம்பெண்ணுக்கு, எம். ஆர். பி. என்னும் சீர்திருத்தத் தோழர் மாலையிட, நம்பூதிரி குலத்தின் முதல் கைம்பெண் மறுமணத்தை நடத்திக் காட்டினார். இதற்கிடையே 1933-இல், இனி அம்பலங்களுக்குத் தீ வைப்போம் என்ற கருத்தைத் தலைப்பிலேயே ஏந்திய கட்டுரையையும் எழுதினார். கருவறையின் உள்ளே நின்று மணியடித்த கை எழுதிய கட்டுரை அது! வெளியே நின்றவன் எழுதியிருந்தால் 'பொறாமை' என்று தள்ளியிருப்பார்கள். உள்ளே நின்றவன் எழுதினான்; தள்ள முடியவில்லை.

இதுவரை பாராட்டு. பாராட்டோடு நிறுத்தினால் அது திறனாய்வாகாது, மாலை சூட்டுவதாகிவிடும். பகுத்தறிவாளன் தன்னைக் கவர்ந்த நூலையும் எடைக்கல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நூலின் வலிமை, எழுதியவர் தம்மையே முதற்குற்றவாளியாகக் கூண்டில் ஏற்றுவது. 'என் குலம் அறியாமையில் கிடந்தது' என்று சொல்வது எளிது. 'நான் எழுத்தறியாமல் நின்றேன்' என்று சொல்வது அரிது. அவர் அரியதைச் செய்தார். ஆனால் நூலின் எல்லையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இது இல்லத்துக்குள்ளே பிறந்து, உள்ளேயிருந்து கதவைத் தட்டிய ஆண்மகனின் கதை. அடுக்களையில் கண்ணீர் வடித்தவர்களுக்காக அவர் கண்ணீர் வடிக்கிறார், உண்மை. ஆயினும் பிறருக்காக வடிக்கும் கண்ணீர் வேறு. தன் கண்ணீரைத் தானே எழுதுவது வேறு. 1931-இல் திருச்சூரிலிருந்து சந்திரகிரி ஆறு வரை அவர் நடத்திய 'யாசன யாத்திரை'யை எண்ணிப் பாருங்கள். கல்விக்காகக் கையேந்தி நடந்த அந்தப் பயணம் போற்றத்தக்கது. ஆயினும் அது நம்பூதிரி ஏழை மாணவரின் கல்வியை முன்னிட்ட பயணம். தன் வீட்டைத் திருத்தப் புறப்பட்டவரின் பார்வை முதலில் தன் வீட்டின் மேலேயே விழுகிறது. இயல்புதான், ஆனாலும் அது எல்லைதான்.

அந்த எல்லையைக் கடந்தவர்கள் அவருக்குப் பின்னே வந்தார்கள். 1948-இல் நம்பூதிரிப் பெண்களே கூடி எழுதி, பெண்களே நடித்த 'தொழில்கேந்திரத்திலேக்கு' நாடகம் மேடையேறியது. அரங்கிற்கு வந்தால் மட்டும் போதாது, தொழிலகத்திற்குப் போய்ச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அதன் பெயரே முழங்கியது. வி. டி.யின் நாடகம் விட்ட இடத்திலிருந்து இவர்கள் ஓரடி முன்னே வைத்தார்கள். பின்னர், 2003-இல், 1928-இல் பிறந்த தேவகி நிலையங்கோடு என்ற அம்மையார், தமது எழுபத்தைந்தாம் வயதில் முதல் நூலை எழுதினார். பெயர், 'நஷ்டபோதங்களில்லாதே'. இழந்துவிட்டோமே என்ற ஏக்கம் எதுவுமின்றி என்பது பொருள். குளியல், பூசை, சமையல், தீட்டு, காத்திருப்பு என்று அந்தர்ஜனத்தின் அன்றாட வாழ்வைக் கூச்சலின்றிச் சொல்லிச் செல்லும் நூல் அது. 'அந்தக் காலம் போயிற்றே!' என்று பெருமூச்சு விடுவோர் அனைவருக்கும் அந்தத் தலைப்பு ஒன்றே போதுமான மறுமொழி. அந்தக் காலம் போயிற்று; போனது நன்று என்கிறார், அந்தக் காலத்தை அடுக்களையில் கழித்த மூதாட்டி!

அடுக்களைக்கும் அப்பால், படிக்கும் வெளியே நின்றவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கதை என்ன? திருவிதாங்கூரில் பஞ்சமி என்ற புலையர் குலத்துச் சிறுமியை அய்யன்காளி ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். ஆதிக்கச் சாதியார் பள்ளிக்கே தீயிட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று உழைக்கும் மக்களை எழச் செய்தார் அய்யன்காளி. தம் மக்களின் வரலாறு ஏட்டில் இடம்பெறாத கொடுமையைப் பாடலாக்கினார் பொய்கையில் அப்பச்சன். 1917-இல் செறாயியில் புலையரோடு அமர்ந்துண்ட சகோதரன் அய்யப்பன், 'புலையன் அய்யப்பன்' என்று தூற்றப்பட்டபோது அதையே பட்டமாக ஏற்றார். 1924-இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை புகுந்ததும் இதே போராட்டத்தின் ஒரு கிளையே.

இரு காட்சிகளையும் அருகருகே வையுங்கள். ஒருவருக்கு எழுத்து தேவையில்லை என்றார்கள். வேதம் போதும் என்றார்கள். ஒருத்தி எழுத்தைத் தேடி வந்தாள், பள்ளியையே கொளுத்தினார்கள். உச்சியில் இருந்தவனுக்கும் எழுத்தில்லை. அடியில் இருந்தவளுக்கும் எழுத்தில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல, தோழர்களே! அவன் கை நீட்டியதும் எழுத்து கிடைத்தது. அவள் கை நீட்டியதும் தீ கிடைத்தது. 'கண்ணீரும் கினாவும்' முதற்காட்சியை நமக்கு அப்பட்டமாகக் காட்டுகிறது. இரண்டாம் காட்சியைக் காண அந்த நூலைவிட்டு வெளியே வந்தாக வேண்டும்.

ஆகவே அந்த நூலைப் படியுங்கள். படித்துவிட்டு, அதை எழுதியவர் செய்ததைச் செய்யுங்கள். உங்கள் ஊரை நினைக்கும்போது திண்ணையிலிருந்து மட்டும் நினைக்காதீர்கள். அடுக்களைக்குள் போய், அங்கே யார் கடைசியாக உண்டார்கள் என்று கேளுங்கள். படியிறங்கி வெளியே வந்து, யார் எவ்வளவு தொலைவில் நின்றார்கள் என்று அளந்து பாருங்கள். பிறகு, நீங்கள் எங்கே அமர்ந்திருந்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அப்படி எழுதினால் ஊர்நினைவு சிறிது கசக்கத்தான் செய்யும்.

கசக்கட்டும். நோய் தீர்க்க வந்த மருந்து இனித்தாக வேண்டும் என்று எவர் சொன்னார்?