நைஜீரியத் திரைநடிப்பும் பண்பாட்டு மெய்ம்மையும்

நைஜீரியத் திரைப்படங்கள் பற்றிய விவாதங்களில் 'பண்பாட்டு மெய்ம்மை' என்பது பல வேளைகளில் நடிகரின் பிறப்பையே சுட்டி நிற்கிறது. சிமமாண்டா அடிச்சியின் புதினத்தைத் தழுவிப் பியி பண்டேலே இயக்கிய 'ஹாஃப் ஆஃப் எ எல்லோ சன்' (2013) படத்தில் இக்போ இனப் பெண்ணாகத் தாண்டிவே நியூட்டன் நடித்தமை எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. அவர் லண்டனில் பிறந்தவர். உடன் நடித்த சிவெட்டெல் எஜியோஃபோரும் லண்டனில் பிறந்தவரே. ஆயின் இக்போப் பெற்றோரின் மகன். பிறப்பு என்னும் அளவுகோல் இவ்விருவரையும் வேறுபடுத்தும். அவர்தம் நடிப்பை மதிப்பிடாது.

நடிப்பின் மெய்ம்மையை மொழியும் உடலும் இணையும் இடத்தில் தேடுவதே பொருத்தமாகும். வோலே சொயிங்கா 1975இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாடகத்தைப் பண்டேலே 'எலெஷின் ஒபா' (2022) என யோருபா மொழிப் படமாக்கினார். யோருபா மூன்று தொனிகளை உடைய மொழி. 'ஒக்கொ' என்னும் ஒலித்தொடர் தொனிக்கேற்பக் கணவன், மண்வெட்டி, வண்டி எனப் பொருள் வேறுபடும். எனவே நடிகர் தொனி சிதையாமலே உணர்ச்சியைக் குரலில் ஏற்றவேண்டும். மேலும், இளையோரை 'ஒ' என்றும் மூத்தோரை 'எ' என்றும் விளிப்பது மரபு. மூத்தோர்முன் ஆடவர் நெடுஞ்சாண்கிடையாக வணங்குவர், பெண்டிர் மண்டியிடுவர். மண்டியிட்டவாறே 'ஒ' என்று விளித்தால் உடலும் சொல்லும் முரண்படும்.

திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளில் இவ்விரு விளிகளும் 'யூ' என ஒன்றாகிவிடுகின்றன. கதையில், மன்னனைத் தொடர்ந்து உயிர்துறக்க வேண்டிய எலெஷின் கடமை தவறிச் சிறைப்படுகிறான். அங்காடிப் பெண்டிரின் தலைவி அவனை இடித்துரைக்கிறாள். அவள் மொழியில் மரியாதை நீங்கிற்றா, நிலைத்ததா என்பதை 'யூ' உணர்த்தாது. நடிகையின் விளியும் மெய்ப்பாடுமே உணர்த்தும்.

தமிழில் 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடு இருப்பதால், ஆங்கிலம் இழந்ததை நாம் மீட்க இயலும். எனினும் இவை நேர்நிகர் அல்ல. தாயையும் தமையனையும் 'நீ' என்று அழைக்கும் வழக்கு தமிழில் உண்டு. யோருபா மரபோ அவர்களுக்கு 'எ' என்பதையே வேண்டுகிறது. அதனை எங்கும் 'நீங்கள்' என்று பெயர்த்தால், தமிழ்ச் செவிக்கு உறவின் நெருக்கம் குன்றக்கூடும்.

ஆகவே, ஆங்கில வரிகளை மட்டும் மூலமாகக் கொண்டு இத்தகைய படங்களைத் தமிழாக்குவது மூலத்தின் பாதியை விடுத்துப் பெயர்ப்பதாகும். நடிகரின் குரலும் முழங்காலும் மூலபாடத்தின் பகுதிகளே. அவற்றைப் படிக்கக் கற்ற மொழிபெயர்ப்பாளரே 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று தெளிந்து துணிய வல்லவர்.