கம்பிக்குள் ஒரு நாடி

நல்ல கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி எளிதில் துருப்பிடிப்பதில்லை. சிமெண்டின் காரம், பி.எச். 12.5-க்கு மேல், கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தைக் கம்பிக்குப் போர்த்திவிடுகிறது. எத்தனை அழகான ஏற்பாடு! கரியமில வாயு காரத்தைக் குறைத்தாலோ, உப்பின் குளோரைடு உள்ளிறங்கினாலோ படலம் கெடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அலங்காநல்லூரின் பழைய மாடி வீடுகளில் சன்ஷேடுக்கு அடியில், கம்பி ஓடும் தடத்திலேயே விரிசல் விட்டு, பழுப்பு நீர் கசிந்து, காரை பெயர்வது இப்படித்தான்.

1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் பலர் இந்தத் துருவுக்கே தங்கள் பணிக்காலத்தைக் கொடுத்தவர்கள். மண்டபம் என்ற ஊரின் கடற்காற்றையே சோதனைக்கூடமாக்கிக்கொண்டார்கள். கம்பி உள்ளே அரிக்கப்படுகிறதா என்று அறிய, ஈரப்படுத்திய கான்கிரீட்டின்மேல் தாமிர சல்பேட் மின்முனையை வைத்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைக் கம்பியிலும் இணைக்கிறார்கள். அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், உள்ளே அரிப்பு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு.